பொன்னிற மருந்தும் ஒரு குவளைத் தண்ணீரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

நோய் வந்தால்தான் மருந்தின் அருமை தெரியும் என்பார்கள். எனக்கோ மருந்தின் அருமையோடு, அதை உண்ணும் முறையின் அருமையும், அம்மருந்துக் குடும்பத்தை உலகிற்கு அளித்த ஒரு பெருமகனாரின் பெயரும் சேர்ந்தே தெரிய வந்தன. அந்தப் பெருமகனார் நம் சென்னையில் படித்தவர். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றவர். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வயிறு வளர்த்தவர். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் வரலாற்றைச் சொல்லுமுன் என் காய்ச்சலைச் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

சென்ற மழைக்காலத்தில் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இடுப்பருகே சூடு வைத்தாற்போலக் கறுத்த புண் ஒன்று இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அதைப் பார்த்ததுமே உண்ணிக் காய்ச்சல் என்று ஐயுற்று, இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, டாக்சிசைக்ளின் மாத்திரைகளையும் தந்தார். காலை ஒன்று, இரவு ஒன்று என ஏழு நாளைக்குப் பதினான்கு. வேறு மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில், இரத்தசோகைக்காக நான் நாள்தோறும் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குச் ‘சத்து மாத்திரை’ என்று பெயர். சத்தை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? நான் சேர்க்கவில்லை. மாத்திரை கொடுத்த அக்கா ஏதோ விளக்கிக் கூறியபோதும், வரிசையில் நிற்க முடியாமல் பாதிதான் கேட்டேன்.

வீட்டில் என் தாயார், மாத்திரை சூடு என்று ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். டாக்சிசைக்ளினையும் சத்து மாத்திரையையும் உள்ளங்கையில் ஒன்றாக வைத்துக்கொண்டு, இரண்டு மிடறு பாலில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்தேன். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குழிக்கு மேலே நெருப்பாய் எரிந்தது. சோறு விழுங்கினால் முள் இறங்குவது போலிருந்தது. இந்த மாத்திரை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நிறுத்தத்தான் இருந்தேன். நல்ல வேளையாக, நிறுத்துமுன் ஒரு முறை கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

மறுபடி சென்றபோதுதான் என் பிழைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றைப் பின்னர்ச் சொல்கிறேன். உடல் தேறிக் கல்லூரிக்கு வந்ததும் எங்கள் வேதியியல் விரிவுரையாளரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, என் உள்ளங்கையில் இருந்த இரண்டு மாத்திரைகளுக்கும் பின்னால் ஒரே மனிதர் நிற்கிறார், தெரியுமா என்று கேட்டார். நூலகத்திற்குச் சென்று தேடினேன். தேடியதில் கிடைத்ததே இக்கட்டுரை.

தோல்வியில் தொடங்கிய வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை வருவாய்த் துறையில் எளிய ஊழியர். பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார் சிறுவர். பாதி வழியில் பிடித்து அழைத்து வரப்பட்டார். தந்தை மறைந்த பின் குடும்பம் இன்னும் நலிந்தது. ஆயினும் தாயார் வெங்கம்மா தம் நகைகளை இழந்தும் மகனைப் படிக்க வைத்தார்.

படிப்பு எளிதில் வரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. துறவு பூண்டு இராமகிருஷ்ண இயக்கத்தில் சேர அவர் விரும்பினார், தாயார் இசையவில்லை. எனவே மக்களுக்குத் தொண்டு செய்யும் மற்றொரு வழியாக மருத்துவத்தைத் தேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாமனாராக வரவிருந்தவர் பொருளுதவி செய்தார்.

காந்தியடிகள் அந்நியத் துணியைத் துறக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்பிற்குக் கதராடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியரானார்.

இதற்கிடையே அவர் இல்லத்தில் பேரிடி விழுந்திருந்தது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் கழிந்து ஆளை உருக்கும் ‘ஸ்புரூ’ என்ற நோய்க்குச் சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். அவரையும் அந்நோய் பற்றிப் பின் விட்டது. மருந்து தேடும் வேட்கை அவர் உள்ளத்தில் ஊன்றியது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரவில் ஏவலர், பகலில் ஆய்வாளர்

1920-களின் தொடக்கத்தில், அறக்கட்டளை ஒன்றின் ஆதரவையும் மாமனார் திரட்டிய பணத்தையும் நம்பி அவர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். கையில் காசில்லை. இந்தியாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர், பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் இரவு ஏவலராக நின்று, நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களை அகற்றிச் சுத்தம் செய்தார். பகலில் படித்தார்.

பின்னர் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் உயிர்வேதியியல் ஆய்வு செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நீலநிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரில் இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் அவர்கள் அறிவித்தனர். ஏ.டி.பி.யை அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே கண்டறிந்தார். நாம் கையை அசைப்பதும் கண்ணை இமைப்பதும் ஏ.டி.பி.யின் ஆற்றலால்தான் என்று மேல்நிலைப் பள்ளியிலேயே படித்தோம். அதைக் கண்டவருள் ஒருவர் நம் மாகாணத்தார் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

1930-இல் முனைவர் பட்டம் கிட்டியது. ஆனால் ஹார்வர்டில் நிலையான ஆசிரியர் பதவி கிட்டவில்லை. எனவே 1940-இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்திற்குச் சென்றார். விரைவிலேயே அங்கு ஆராய்ச்சித் துறையின் தலைவரானார்.

எட்டே ஆண்டுகள்

லெடர்லியில் அவர் இருந்தது எட்டே ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் அவருடைய குழுவினர் செய்தவற்றைப் பட்டியலிட்டாலே வியப்பு மேலிடுகிறது. 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினர். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. என் சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பதும் இதே ஃபோலிக் அமிலந்தான்! அதன் அமைப்பைச் சிறிது மாற்றி ஆக்கிய பொருள்களைக் கொண்டு, பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றளவும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டை எதில் கார்பமசின் 1947-இல் வந்தது. நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட அந்த மாத்திரையை நம்மில் பலர் விழுங்கியிருப்போம்.

இனி என் காய்ச்சல் மருந்துக்கு வருகிறேன். பெனிசிலின் அப்போது உலகை வென்றிருந்தது. ஆயினும் ரிக்கெட்சியா போன்ற சில நுண்ணுயிர்கள் அதற்கு அடங்கவில்லை. ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர் என்பவரை லெடர்லி பணியில் அமர்த்தியிருந்தது. வயது எழுபதைக் கடந்தவர். பல ஊர்களிலிருந்து வந்த மண் மாதிரிகளில், மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் சேன்பார்ன் வயல் மண்ணில், 1945-இல் பொன்னிற நுண்ணுயிர் ஒன்றை அவர் கண்டார். அது சுரந்த மஞ்சள் நிறப் பொருளே ஆரியோமைசின். பொன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். சுப்பாராவின் தலைமையில் வளர்ந்த அம்மருந்து 1948-இல் வெளியுலகிற்கு வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான். ரிக்கெட்சியாக் காய்ச்சல்களும் அதற்குப் பணிந்தன. அதன் இளைய தலைமுறையே 1967-இல் வந்த டாக்சிசைக்ளின். என் உண்ணிக் காய்ச்சலும் ரிக்கெட்சியா இனத்தோடு உறவுடைய நுண்ணுயிரால் வருவதுதான்.

மருந்து அறிவிக்கப்பட்ட அதே 1948-இல், ஆகஸ்டுத் திங்களில், சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் மாரடைப்பால் உறக்கத்திலேயே காலமானார். நோபல் பரிசு பெறவில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. தாயையும் இளம் மனைவியையும் விட்டுக் கப்பலேறியவர், தாய்நாட்டிற்கு ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவருடைய தொண்டை எண்ணி வியக்கும் என் மனம், காத்திருந்த அந்த இரு பெண்களை எண்ணி வருந்தவும் செய்கிறது. பெரியோர் வாழ்வு என்பதற்காக இதை மறைப்பது முறையன்று. 1995-இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. பூஞ்சை இனம் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

அவர் காணாத மறுபக்கம்

சுப்பாராவ் மருந்தைத் தந்தார். ஆனால் அம்மருந்தோடு மனித உடல் எப்படிப் பழகும் என்பதை முழுதும் காண அவருக்கு ஆயுள் இல்லை. அவர் மறைவுக்குப் பின் மருத்துவர்கள் அதைச் சிறிது சிறிதாகக் கற்றனர்.

இம்மருந்துகளை உண்ட சிறு குழந்தைகளின் பற்கள் மஞ்சளாகவும் பழுப்பாகவும் முளைப்பதை 1950-களின் பிற்பகுதி முதல் கண்டார்கள். வளரும் பல்லிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தோடு மருந்து பிணைந்துகொள்வதே காரணம். அதனால் கருவுற்ற தாய்மார்க்கும் எட்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் இனத்தைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். உண்ணிக் காய்ச்சல் போல உயிருக்கு ஆபத்தான நிலையில், குழந்தைக்கும் சில நாள் டாக்சிசைக்ளின் கொடுப்பதுண்டு. அது மருத்துவர் சீர்தூக்கி எடுக்கும் முடிவு, நாம் எடுப்பதன்று. காலாவதியாகிச் சிதைந்த டெட்ராசைக்ளினை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டதை 1963-இல் மருத்துவ அறிக்கைகள் எடுத்துரைத்தன. சென்ற ஆண்டு மிஞ்சியதை அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்து இந்த ஆண்டுக் காய்ச்சலுக்கு விழுங்கும் நம் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பிழைகளுக்கு வருகிறேன்.

முதற் பிழை, பால். இரண்டாம் பிழை, இரும்பு. ஆய்வுக்கூடத்தில் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு கிணற்று நீரின் கடினத்தன்மையை அளந்தோமே, நினைவிருக்கிறதா? ஈ.டி.டி.ஏ. மூலக்கூறு நண்டு தன் கொடுக்கால் பற்றுவது போலக் கால்சியம் அயனியைப் பற்றிக்கொள்கிறது. டெட்ராசைக்ளின் மூலக்கூறும் அவ்வாறே உலோக அயனிகளைப் பற்றக்கூடியது. பாலிலும் தயிரிலும் கால்சியம்; சத்து மாத்திரையில் இரும்பு; வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளில் அலுமினியமும் மெக்னீசியமும். இவற்றோடு பிணைந்த மருந்து குடலால் உறிஞ்சப்படாமல் கழிவோடு போய்விடும். பாலால் வரும் இழப்பு பழைய டெட்ராசைக்ளினுக்கு மிகுதி, டாக்சிசைக்ளினுக்குக் குறைவு. ஆனால் இரும்பு இரண்டையும் விடுவதில்லை. சுப்பாராவின் குழுவினர் தந்த ஃபோலிக் அமிலத்தோடு கூடியிருந்த இரும்பு, அவர்கள் தந்த மற்றொரு மருந்தின் வழிமரபை என் வயிற்றில் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தது! மாத்திரை முடியும்வரை சத்து மாத்திரையை ஒதுக்கி வைக்கச் சொன்னார் மருத்துவர்.

மூன்றாம் பிழை, இரண்டு மிடறோடு விழுங்கிப் படுத்தது. டாக்சிசைக்ளின் அமிலத்தன்மை உடையது. தண்ணீர் போதாமல் உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டால், அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். நெஞ்சில் எரிந்த நெருப்பு அதுதான். மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்ததன்று. நான் உண்ட முறையால் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அரை மணி நேரமாவது படுக்கக்கூடாது. வயிற்றைப் புரட்டினால் உணவுக்குப் பின் விழுங்கலாம். பாலும் தயிரும் மட்டும் அப்போது வேண்டாம். உறங்கப் போகும் நேரத்திற்கு மாத்திரையைத் தள்ளிப்போடாமல், இரவு உணவோடு முடித்துக்கொள்வது நல்லது.

இவ்வாறு மாற்றிக்கொண்ட இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிற்று. நெஞ்செரிச்சலும் சில நாளில் ஆறிற்று. பதினான்கு மாத்திரைகளையும் முடித்தேன்.

இன்னும் சில செய்திகளையும் அன்று அறிந்தேன். இம்மருந்தை உண்ணும் நாள்களில் சிலருக்கு வெயில் பட்ட தோல் கன்றிச் சிவந்துவிடும். குடையோ முழுக்கைச் சட்டையோ வேண்டும். இலேசான குமட்டல் தானே அடங்கும். ஆனால் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். நிற்காத வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், பார்வை மங்கலோடு கடுந்தலைவலி, விழுங்கவே முடியாத வலி ஆகியவற்றையும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். எது பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்று பிரித்தறிவதே பாதுகாப்பு. எரிகிறது என்று தாமே நிறுத்துவதும் பிழை. எது வந்தாலும் விழுங்கிக்கொண்டே இருப்பதும் பிழை.

நான்கில் ஒரு பங்கு

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என நான்கு கூறுகளை உடையது என்கிறார் திருவள்ளுவர். சுப்பாராவ் தம் வாழ்நாளைத் தேய்த்து அவற்றுள் மருந்து என்னும் பங்கை நிறைவேற்றிவிட்டார். மருத்துவர் தம் பங்கைச் செய்தார். பால் காய்ச்சிக் கொடுத்த என் தாயாரும் தமக்குத் தெரிந்த அன்பைச் செய்தார். எஞ்சிய பங்கு என்னுடையது. அதில்தான் நான் தவறினேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருத்துவரிடம் மறுகேள்வி கேட்க என் பெற்றோர் கூசுவார்கள். படிக்காதவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். படித்த மகளாகிய நானும் கேட்கவில்லையே என்பதுதான் காய்ச்சலைவிட என்னை அதிகம் சுட்டது. ஈ.டி.டி.ஏ. சோதனையைப் பிழையின்றிச் செய்து முழு மதிப்பெண் வாங்கியவள், அதே வேதியியல் என் வயிற்றுக்குள் நடப்பதை அறியாமல் இருந்தேன். தேர்வுத்தாளோடு நின்றுவிடும் படிப்பினால் என்ன பயன்?

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு மாத்திரை கொடுத்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் மருத்துவம் சொல்வதில்லை. அது என் வேலையன்று. காலாவதி நாளைப் படித்துச் சொல்கிறேன். உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், வேறு மாத்திரையோடு சேரலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வரச் சொல்கிறேன். சத்து மாத்திரையும் மாத்திரைதான், மறைக்காமல் சொல்லுங்கள் என்று மறவாமல் சொல்லி அனுப்புகிறேன். தேவைப்பட்டால் உடன் செல்கிறேன்.

மும்முறை முயன்று பள்ளி இறுதியைக் கடந்த ஒருவர், மாண்ட சகோதரர்களின் நினைவோடு கடல் கடந்து, இரவெல்லாம் ஏவல் செய்து, உலகிற்கு மருந்து தந்தார். அம்மருந்தை முறையாக உண்ண நமக்கு வேண்டியதெல்லாம் ஒரு கேள்வியும் ஒரு குவளைத் தண்ணீருமே. மாணவத் தோழர்களே, அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச வேண்டாம்.

வாழ்க டாக்டர் சுப்பாராவின் புகழ்!